டீ கறுக்கிற தண்ணீரில் துணி எழுதலாமா?

போன இதழில் ஒரே ஒரு பக்கம் கலம்காரி பற்றி எழுதியிருந்தேன். கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில், மூங்கில் கலத்தால், அதாவது மூங்கில் எழுதுகோலால், இரும்புக் கறுப்பைத் தொட்டு எழுதுவோம்; சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் வைத்து, வேர்ச் சாயத்தில் வேக வைப்போம் என்று அவ்வளவுதான். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி, எதைப் பார்த்து வாங்குவது, எப்படி நம்பி வாங்குவது என்றுதான் கேட்கின்றன. எழுதுவது எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சரி, அதுவும் முறைதான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், தேருக்குத் தொம்பையும் (உருளையாகத் தொங்கும் துணி) கோயிலுக்கு வாசமாலையும் (வாசலில் தொங்கும் துணித் தோரணம்) எழுதுகிற வீட்டுக்கு நான் வாக்கப்பட்டு வந்து 38 வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் என் கையில் யாரும் கலத்தைக் கொடுக்கவில்லை. மாமியார் என்னைக் கடுக்காய் உடைக்கத்தான் விட்டார்.

'நூறு சதவீதம் காட்டன்' என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். ஆனால் கடுக்காய் திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது. கோடு போட்டால் ஒரு இடத்தில் கறுப்பு, பக்கத்திலேயே சாம்பல். கடுக்காய் மோசமா, துணி மோசமா? – வாசகி, ஈரோடு

துணிதான் அம்மா. கடுக்காய் பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் போட்டேன்.

ஒரு தேர்த் திருவிழாவுக்கு நாலு தொம்பை ஒப்புக்கொண்டிருந்தோம். வழக்கமாகக் காடா, அதாவது வெளுக்காத பருத்தித் துணி, கொடுப்பவரிடம் சரக்கு இல்லை. வேறொரு கடையில் 20 மீட்டர் வாங்கினேன். பார்வைக்கு அசல் காடா, அதே பழுப்பு, அதே முரடு. கடுக்காய்ப் பாலில் நனைத்துக் காய வைத்தால் நிறம் வெளுப்பாகவே நின்றது. கடுக்காய் பழசு போலிருக்கிறது என்று இரண்டாம் தரம் ஏற்றினேன். யாளி முகம் பாதி எழுதிவிட்டேன். கோடு பென்சில் மாதிரி மங்கலாகவே கிடக்கிறது. மாமியாருக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. துணியை விரலால் நெருடிப் பார்த்தார். ஓரத்தில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் ஒன்று உருவினார். பூஜை அறைக் காமாட்சி விளக்கில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னார். பாவு, காகிதம் எரிகிற மாதிரி எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. ஊடை சுருண்டு, உருகி, நுனியில் கடுகு மாதிரி கறுப்பு உருண்டையாக நின்றது. பிளாஸ்டிக் நாற்றம். "பாதித் துணி பருத்தி, பாதித் துணி வாளி" என்றார். திருவிழாவுக்கு 9 நாள் இருந்தது. கடைக்காரர் 'பில் இருக்கா?' என்று கேட்டார். பில்லில் எங்கே பாலியஸ்டர் என்று எழுதியிருக்கப் போகிறது?

அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் பையில் ஒரு தீப்பெட்டி. பாவிலும் ஊடையிலும் நூல் எடுத்துப் பார்க்க வேண்டும், ஒன்றை மட்டும் எரித்தால் ஏமாந்துவிடுவோம்.

உங்கள் துணி எரிகிற சோதனையில் தேறிவிட்டால், அடுத்த சந்தேகம் கஞ்சி. காடாவில் தறிக் கஞ்சியும் பருத்தியின் பிசுக்கும் இருக்கும். துணியை விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி நின்றால் துணி இன்னும் தயாராகவில்லை. விட்ட உடனே உறிஞ்சிக்கொண்டால் தயார். எங்கள் வீட்டில் மாட்டுச் சாணம் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வெயிலில் போட்டு, அலசி, திரும்பத் திரும்ப இதைச் செய்வோம். அடுக்குமாடியில் சாணத்துக்கு எங்கே போவது? சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து அலசுங்கள், போதும்.

எருமைப் பால் எங்கள் பக்கம் கிடைக்காது. பாக்கெட் பால் ஊற்றலாமா? – வாசகர், சென்னை

தாராளமாக. ஆனால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் வாங்குங்கள்.

பால் எதற்கு என்று தெரிந்தால் காரணம் புரியும். கடுக்காய் மட்டும் ஏற்றிய துணியில் கறுப்புக் கோடு போட்டால், செய்தித்தாளில் மை ஊறுகிற மாதிரி பரவும். பாலில் உள்ள கொழுப்பு நூலின்மேல் படிந்து அந்த ஊறலைத் தடுக்கிறது. ஆகவே கொழுப்பு கூடுதலாக இருக்கிற பால்தான் நமக்கு வேண்டும். அதனால்தான் எருமைப் பால். 1742-ல் கேர்து என்கிற பிரெஞ்சுப் பாதிரியார் இங்கிருந்து தன் நாட்டுக்கு, நம்மவர்கள் துணி எழுதுகிற முறையைப் படிப்படியாக எழுதி அனுப்பினார். அதிலும் கடுக்காயும் எருமைப் பாலும்தான். ஐரோப்பாக்காரர்கள் நம் சோழமண்டலத் துணிக்குப் பைத்தியமாக அலைந்த காலம் அது. பிரான்ஸில் 1686-லேயே தடை போட்டு, 1759 வரை அந்தத் தடை இருந்தது. தடை ஒரு பக்கம், ரகசியம் தெரிந்துகொள்ளும் ஆசை ஒரு பக்கம்!

ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. ஒருமுறை சென்னையில் பயிற்சி வகுப்பு எடுத்தபோது, ஏற்பாடு செய்தவர்கள் நீலப் பாக்கெட்டை வாங்கி வைத்துவிட்டார்கள். அன்று எழுதிய மயில் எல்லாவற்றுக்கும் மீசை முளைத்தது. பாலைக் காய்ச்சாமல், பச்சையாக ஊற்ற வேண்டும். ஒரு மீட்டர் துணிக்கு நான் 40, 50 கிராம் கடுக்காய்ப் பொடியும் ஒரு டம்ளர் பாலும் வைத்துக்கொள்வேன். 'இன்னும் கொஞ்சம்' என்று பாலை அதிகமாக்காதீர்கள். துணி அப்பளமாக விறைத்து, கலம் வழுக்கும்.

கடுக்காய் வாங்கும்போது ஒன்று. நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்காமல் காயாக வாங்கி, பூச்சித் துளை இல்லாத கனமான காயாகப் பொறுக்கி, கொட்டையை எடுத்துவிட்டு இடியுங்கள். நிறம் பிடிக்க வைக்கிற துவர்ப்பு முழுக்கச் சதையில்தான். கொட்டைக்குக் கொடுக்கிற காசு தண்டம். ஒரு துணுக்கு நாக்கில் வைத்தால் வாய் முழுக்க இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் பழைய சரக்கு.

பால் பயன்படுத்த எனக்கு விருப்பமில்லை. மாற்று உண்டா? – வாசகி, பெங்களூரு

ஜப்பானில் சாயம் ஏற்றுவதற்கு முன் துணிக்குச் சோயாப் பால் பூசுகிற வழக்கம் உண்டு. அதையே கடுக்காயோடு சேர்த்துப் பாருங்கள். நான் செய்ததில்லை. உங்களுக்கு எப்படி வந்தது என்று எழுதுங்கள்.

இரும்புக் கறுப்புக்காகப் புது ஆணி அரைக் கிலோ வாங்கி, வெல்லம் போட்டு, 20 நாள் ஊறவைத்தேன். கறுப்பு வரவேயில்லை. வெளிறிய டீ மாதிரி ஒரு தண்ணீர்தான் இருக்கிறது. – கல்லூரி மாணவர், கோவை

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது தம்பி. முதலாவது, பானைக்குள் கறுப்பு ஒருநாளும் வராது. வெளிறிய டீ நிறம்தான் வரும். அதைத் தொட்டுக் கடுக்காய்த் துணியில் கோடு போட்டுப் பார்த்தீர்களா? அதுதான் சோதனை. கலம் நகரும்போது பின்னாலேயே ஈரமான பழுப்புக் கோடு வரும். ஒரு மூச்சு விடுவதற்குள் அது ஓரத்திலிருந்து உள்ளே சாம்பலாகி, ஊதாவாகி, கறுப்பாகும். 38 வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் அந்த ஒரு நொடியில் கையை நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது. வெல்லம் புளித்து, அந்தப் புளிப்பில் இரும்பு கரைகிறது. கரைந்த இரும்பும் துணியிலுள்ள துவர்ப்பும் சேர்ந்தால்தான் கறுப்பு.

இரண்டாவது, கோடு போட்டும் கறுக்கவில்லை என்றால் ஆணியைப் பாருங்கள். பளபளவென்று வெள்ளி மாதிரி இருந்தால் அது துத்தநாகப் பூச்சுப் போட்ட ஆணி. துரு பிடிக்கக் கூடாது என்றே செய்தது. அதைப் போய்த் துருவுக்காக வாங்கியிருக்கிறீர்கள்! எவர்சில்வரும் ஆகாது. நாங்கள் பழைய மாட்டு லாடம், கதவுக் கீல், கொல்லுப் பட்டறையில் விழுகிற துண்டு இவற்றைத்தான் போடுவோம். துருப் பிடித்ததாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தணலில் ஒருமுறை காட்டிவிட வேண்டும். வெல்லத்தில், மருந்தடித்து வெளுக்க வைத்த மஞ்சள் வெல்லம் வேண்டாம். கறுத்த நாட்டு வெல்லம் அல்லது பனை வெல்லம் வாங்குங்கள். மண் பானை, வாயில் துணி கட்டி, 15 நாளிலிருந்து 21 நாள்.

அப்புறம், கறுப்பு அடர்த்தியாக வேண்டும் என்று இரும்பை அள்ளிப் போடாதீர்கள். கோடு துருவேறி மஞ்சள் விளிம்பு கட்டினால் இரும்பு அதிகம், தண்ணீர் விட்டு இளக்குங்கள். மிஞ்சிய இரும்பு துணியைத் தின்னும். அருங்காட்சியகங்களில் 18-ஆம் நூற்றாண்டுச் சோழமண்டலத் துணிகளைப் பார்த்தால், பூவின் சிவப்பு புதுசு மாதிரி இருக்கும். பூவைச் சுற்றிய கறுப்புக் கோடு இருந்த இடத்தில் நூல் இற்று, மெல்லிய பிளவாக இருக்கும். எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், பானைதான் கொஞ்சம் காரம்.

என் சிவப்பு செங்கல் பொடி மாதிரி வருகிறது. மஞ்சிட்டி வேர், படிகாரம் எல்லாம் நல்ல கடையில் வாங்கியதுதான். – வாசகி, தாம்பரம்

உங்கள் வீட்டில் போர் தண்ணீரா? அதில் டீ போட்டால் கறுத்துப்போகுமா?

சிரிக்காதீர்கள், இதுதான் மருத்துவர் நாடி பிடிக்கிற மாதிரி. டீயிலும் துவர்ப்பு இருக்கிறது, கடுக்காயிலும் துவர்ப்பு இருக்கிறது. தண்ணீரில் இரும்பு இருந்தால் இரண்டும் கறுக்கும். நீங்கள் கறுப்புக்கு ஒரு பானை வைத்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாமல் குழாயிலும் ஒரு பானை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இரும்பு போய்ச் சிவப்பில் கலந்தால் செங்கல் நிறம்தான் வரும்.

நான் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில், கடுக்காய் ஏற்றிக் காய்ந்த துணியை விரல் அகலத்துக்குக் கிழித்துப் போட்டு வைத்திருக்கிறேன். எந்த ஊருக்கு வகுப்பெடுக்கப் போனாலும் அந்த டப்பா என்னோடு வரும். அந்த ஊர்த் தண்ணீரில் ஒரு துண்டை ஒரு மணி நேரம் போட்டுவைப்பேன். மஞ்சளாகவே இருந்தால் நல்ல தண்ணீர். சாம்பல் தட்டினால் இரும்பு. படிகாரத்துக்கும் இதே சோதனைதான். மழைத் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ ஒரு சிட்டிகை கரைத்து, துண்டின்மேல் ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு விழுந்த இடம் கறுத்தால் அந்தப் படிகாரத்தில் இரும்பு இருக்கிறது, முகச்சவரக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடிக் கல் மாதிரி நிறமற்ற கட்டியாகப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் பிழை வராது.

உப்புத் தண்ணீர் வேறு கதை. குடத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு பூக்கிற தண்ணீர் குடிக்க ருசிக்காது, ஆனால் சிவப்புக்கு நல்லது. சுண்ணாம்பு சேர்ந்தால் வேர்ச் சிவப்பு தெளியும். எங்கள் பின்கட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. சாயம் அழகாக வரும். சாயம் காய்ச்ச செம்பு அண்டா. இரும்புச் சட்டி அந்தப் பக்கமே வரக் கூடாது, கிளறுகிற கரண்டிகூட மரமாக இருக்கட்டும்.

படிகாரம் வைத்து ஒரு நாள் கழித்து அலசுவதற்கு மட்டும் ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும். தொட்டியில் முக்கினால், மிஞ்சிய படிகாரம் கரைந்து துணி முழுக்கப் பரவி, வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து, ஆற்றில் தண்ணீர் வந்து சேரும் வரைக்கும் எங்கள் வீட்டில் கறுப்பு வேலை மட்டும் நடக்கும். சிவப்பு வேலை ஆடியில்தான். தண்ணீர் வராத வருஷத்தில் போர் மோட்டாரைப் போட்டுவிட்டு, குழாய்க்குக் கீழே துணியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கரண்ட் போனால் பாதியில் நிற்கும்.

அம்மா, வணக்கம். மன்னார்ப் பக்கம் முந்தி சாயவேர் கிண்டி வெளிநாட்டுக்கு அனுப்பினவை என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவினம். உண்மையோ? அந்த வேரை நீங்கள் பாவிக்கிறனீங்களோ? – வாசகர், யாழ்ப்பாணம்

உண்மைதான் ஐயா. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும் கிண்டிய சாயவேருக்கு அவ்வளவு கிராக்கி இருந்தது. டச்சுக்காரர்கள் அந்த வியாபாரத்தை வேறு யாரும் தொடவிடாமல் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் அந்தச் செடிக்கு இம்பூறல் என்றும் பெயர். மணலில் படர்கிற சின்னச் செடி, பார்த்தால் களை என்று பிடுங்கிப் போட்டுவிடுவோம். கடற்கரை மணலில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்திருக்கிறதல்லவா, அங்கே விளைகிற வேருக்கு நிறம் கூடுதல் என்று பெயர். நிறம் வேரின் தோலில் இருக்கிறது. அதனால் பருத்த வேரைவிட நீளமான, மெல்லிய வேர்தான் நல்ல சரக்கு.

நான் பயன்படுத்துகிறேனா என்றால், இல்லை. ஒருமுறை ஒரு கைப்பிடி கிடைத்தது. அதில் ஒரு கைக்குட்டை அளவுக்குத்தான் சாயம் ஏறியது, அந்தக் கைக்குட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை. மற்றபடி மஞ்சிட்டி, அவசரத்துக்கு அலிசரின் என்கிற சிவப்புச் சாயம். அலிசரினைச் செயற்கையாகச் செய்யும் வழியை 1868, 69-லேயே ஐரோப்பாவில் கண்டுபிடித்துவிட்டார்கள். சாயவேரில் சிவப்பைக் கொடுக்கிற சத்தும் அதேதான். அதனால் எனக்கு இதில் குற்ற உணர்ச்சி கிடையாது.

இயற்கைச் சாயம் என்று எழுதுகிறீர்கள். ஆனால் கோயில் தொம்பைகள் எல்லாம் பளீரென்று ரசாயன நிறத்தில்தானே தொங்குகின்றன? – வாசகர், மதுரை

பளீரென்றுதான் தொங்குகின்றன, அதில் சில நான் எழுதியவை.

தொம்பை தேரில் தொங்குகிறது. சித்திரை வெயில், திடீர் மழை, சூடம் புகை, எண்ணெய்க் கை, அப்புறம் வருஷம் முழுக்க எலி ஓடுகிற அறையில் மூட்டை. கடுக்காய் மஞ்சள் அந்த வெயிலில் நாலு திருவிழா தாங்காது. வேர்ச் சிவப்பும் இரும்புக் கறுப்பும் தாங்கும். ஆனால் கோயில்காரர்கள் கேட்பது, கோபுர உயரத்துக்குத் தூரத்திலிருந்து தெரிகிற சிவப்பு, அதுவும் அடுத்த வாரத்துக்குள். வேர்ச் சிவப்புக்கு ஒரு துணி ஒரு மாதம் என் வீட்டில் இருக்க வேண்டும். நாங்கள் இரண்டையும் எழுதுகிறோம். எது எந்தச் சாயம் என்று பில்லில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். கடைச் சாயத்தில் எழுதிவிட்டு இயற்கை என்று சொல்லி இரட்டை விலை வாங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். உங்கள் கோபத்தையும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

பட்டில் எழுதலாமா? – வாசகி, காஞ்சிபுரம்

எழுதலாம், சாயம் பருத்தியைவிடச் சுலபமாகவே ஏறும். ஆனால் உங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கு நெய்த கோடாலிக் கருப்பூர்ச் சேலை, பருத்தியும் சரிகையும்தான். சரிகை வைத்து நெய்து, அதன்மேல் மெழுகு கட்டி, செங்கபிலச் சாயம் ஏற்றுவார்கள். தங்கம் அந்த மங்கின சிவப்புக்கு அடியிலிருந்து லேசாக மினுக்கும். காசு இல்லாமலா பருத்தியை எடுத்தார்கள்?

சமையல் மஞ்சள்தூளே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, மஞ்சள் நிறத்துக்கு மாதுளை ஓடு எதற்கு? – வாசகி, திருச்சி

மஞ்சள்தூள் முதல் நாள் கண்ணைப் பறிக்கும். நாலு நாள் வெயிலில் பாதி போய்விடும். சோப்புப் போட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துத்தானே ஆரத்தி கரைக்கிறோம், அதே கூத்து உங்கள் சுவர்ப் படத்திலும் நடக்கும். மாதுளை ஓட்டைப் படிகாரத்தோடு காய்ச்சுங்கள். ஜூஸ் கடையில் சும்மாவே கொடுப்பார்கள்.

கலத்தில் சுற்ற பழைய ஸ்வெட்டர் நூல் சுற்றினேன். மை நிற்காமல் சொட்டுகிறது. – வாசகர், சேலம்

அது ஆட்டு ரோமம் இல்லை, அக்ரிலிக். மறுபடியும் தீப்பெட்டியை எடுங்கள்: ரோமம் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், அக்ரிலிக் உருகும். ஆட்டு ரோமக் கம்பளியில் ஒரு கிழிசல் கிடைத்தால் போதும். அதை மூங்கில் குச்சியின் நுனியிலிருந்து ஒரு அங்குலம் மேலே தள்ளிச் சுற்றி, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, நூலால் இறுக்கக் கட்டுங்கள். மையைக் குடித்து வைத்திருப்பது அந்த உருண்டைதான். விரலால் லேசாக அமுக்கினால் மை நுனிக்கு இறங்கும். மூங்கில் முற்றினதாக இருக்கட்டும். இளசு இரண்டு நாளில் நுனி பஞ்சாகிவிடும்.

எங்கள் டீச்சர் உங்கள் பக்கத்தை வகுப்பில் படித்தார். எல்லாச் சாமானிலும் ரொம்ப நாற்றம் அடிப்பது எது? – ஏழாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

இரும்புப் பானை என்றுதானே நினைத்தாய்? இல்லை கண்ணு. பானை புளித்த கள்ளு மாதிரி ஒரு வாடை, அவ்வளவுதான். சாணத் தண்ணீரும் வெயிலில் போய்விடும். நாற்றத்துக்கு முதல் பரிசு, கடுக்காய்ப் பால் போட்ட துணி வெயில் இல்லாமல் இரண்டு நாள் கிடந்தால் வருகிறது பார், அதற்குத்தான். ஒரு ஐப்பசியில் 12 மீட்டரை நனைத்துவிட்டேன், அன்று ராத்திரி பிடித்த மழை நாலு நாள் விடவில்லை. கூடத்தில் கொடி கட்டி, ஃபேன் போட்டு ஆற்றினேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் தலையணையை எடுத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் படுக்கப் போய்விட்டார். பூனை மட்டும் கொடிக்கு அடியிலேயே உட்கார்ந்து, மேலே பார்த்துக்கொண்டிருந்தது.